அசோஸ்பைரில்லத்தின் ஜீனோம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடுவது?

கேள்வி: டெல்லியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். அசோஸ்பைரில்லத்தின் ஜீனோம் பற்றிய கட்டுரைகள் வேண்டும். தேடினால் நெல்லுக்கும் சோளத்துக்கும் போட்ட மகசூல் சோதனைகள்தான் வந்து குவிகின்றன. எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: உங்களுக்கு எந்த ஸ்ட்ரெய்ன் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அசோஸ்பைரில்லம் என்பது காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குப் பயன்படும்படி மாற்றும் (நிலைநிறுத்தும்) பாக்டீரியாக்களின் ஒரு பேரினம்; அதற்குள் பல இனங்கள் உண்டு. அதற்கென்று பொதுவாக ஒரு ஜீனோம், அதாவது முழு டி.என்.ஏ. தொகுப்பு, கிடையாது. யாரோ ஒருவர் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்து, எண் கொடுத்து, ஆய்வகத்தில் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு ஸ்ட்ரெய்னின் டி.என்.ஏ.வைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். பிரேசிலில் கோதுமை வேரிலிருந்து எடுத்த எஸ்பி245 அப்படி ஒன்று. ஜப்பானில் நெற்பயிரின் உள்ளிருந்து எடுத்த பி510 இன்னொன்று. பேரினப் பெயரை மட்டும் தட்டினால் உயிர் உரக் கட்டுரைகள் வெள்ளமாக வரத்தான் செய்யும். ஊரில் உரக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்த பெயர் அது.

நான் டெல்லியில் புசா பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இனப்பெயரை நம்பித் தேடாதீர்கள், ஸ்ட்ரெய்ன் எண்ணை வைத்துத் தேடுங்கள். பாக்டீரியாவின் பெயர் மாறும், எண் மாறாது.

எஸ்பி245-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இதன் ஜீனோம் 2011-இல் பிளாஸ் ஜெனெடிக்ஸ் இதழில் வந்தது. தலைப்பில் ஸ்ட்ரெய்ன் எண் இல்லை, பிரேசிலென்ஸ் என்ற இனப்பெயர் இல்லை, நைட்ரஜன் என்ற பேச்சே இல்லை. நீரில் வாழ்ந்த பாக்டீரியா நிலத்துக்கு மாறிய கதையை அசோஸ்பைரில்ல ஜீனோம்கள் காட்டுகின்றன என்ற பொருளில் தலைப்பு வைத்திருக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவுகள் பெரும்பாலும் நீர்வாழ்வன. நிலத்துக்கு வந்தபின் மண் பாக்டீரியாக்களிடமிருந்து ஏராளமான ஜீன்களைப் பெற்றுக்கொண்டது என்பதுதான் கட்டுரையின் மையம். அருமையான கட்டுரை, கட்டாயம் படியுங்கள். ஆனால் “பிரேசிலென்ஸ், நைட்ரஜன் நிலைநிறுத்தல்” என்று தலைப்புகளில் தேடுகிறவர் கண்ணில் இது படாது. போதாக்குறைக்கு, 2020-இல் எஸ்பி245-ஐ அந்த இனத்திலிருந்தே பிரித்து அசோஸ்பைரில்லம் பால்டானியோரம் என்ற புது இனத்தில் வைத்துவிட்டார்கள். ஆக, 2011 கட்டுரையில் ஒரு பெயர், இன்றைய தரவுத்தளத்தில் வேறு பெயர். எஸ்பி245 என்ற எண் மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

வேர்முடிச்சு பாக்டீரியாக்களிலும் இதே நிலைதான். 2000-இல் ஜப்பானின் கசூசா ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எம்.ஏ.எஃப்.எஃப்.303099 ஸ்ட்ரெய்னின் கட்டுரை மீசோரைசோபியம் லோட்டை என்று சொல்லும். இப்போது அது மீசோரைசோபியம் ஜப்பானிகம். சோயாவின் வேர்முடிச்சில் வாழும் யு.எஸ்.டி.ஏ.110 ஸ்ட்ரெய்னின் ஜீனோம் 2002-இல் பிராடிரைசோபியம் ஜப்பானிகம் என்ற பெயரில் வந்தது. 2013 முதல் அது பிராடிரைசோபியம் டயசோஎஃபிசியன்ஸ். எந்தப் பெயர் எப்போது மாறியது என்று பார்க்க ஜெர்மனியின் நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையமான டி.எஸ்.எம்.இசட். நடத்தும் எல்.பி.எஸ்.என். தளம் இருக்கிறது. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் அங்கே குறித்துக்கொண்டு தேடலில் இடையே OR (“அல்லது”) போட்டுச் சேருங்கள். எண்ணையும் ஒட்டி ஒருமுறை, இடம் விட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள். நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றும் தனி எண் கொடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். எஸ்பி7 என்பதும் ஏ.டி.சி.சி. 29145 என்பதும் டி.எஸ்.எம். 1690 என்பதும் ஒரே ஸ்ட்ரெய்ன்தான்.

சரி, எங்கே தேடுவது? எல்லோரும் பப்மெட் என்ற கட்டுரைத் தேடல் தளத்தில் ஆரம்பிப்பார்கள். ஆரம்பியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பப்மெட் கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் இவற்றைத்தான் பார்க்கும். ஸ்ட்ரெய்ன் எண்ணோ பெரும்பாலும் செய்முறைப் பகுதிக்குள் ஒளிந்திருக்கும். திறந்த அணுக்கம் உள்ள கட்டுரைகளின் முழு உரைக்குள்ளும் போய்த் தேடும் வசதி யூரோப் பி.எம்.சி. என்ற தளத்தில் இருக்கிறது. ஸ்ட்ரெய்ன் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு ஜீனோம் என்ற சொல்லைச் சேர்த்தால், மகசூல் சோதனைகள் பெருமளவு விலகிவிடும்.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது: கட்டுரையிலிருந்து ஜீனோமுக்குப் போகாமல், ஜீனோமிலிருந்து கட்டுரைக்கு வருவது. அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தளத்தில், ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. தரவுத்தளத்தில் உள்ள உங்கள் ஸ்ட்ரெய்னின் பதிவைத் திறங்கள். எல்லோரும் நேராக வரிசைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் மேலேயே நின்று நிதானமாகப் படியுங்கள். ரெஃபரன்ஸ் என்று தொடங்கும் வரிகளில் ஆசிரியர்கள், இதழ், வெளிவந்திருந்தால் பப்மெட் எண் எல்லாம் இருக்கும். அதற்குச் சற்று மேலே பயோப்ராஜெக்ட் எண் இருக்கும்; அதே திட்டத்தில் வேறு எவற்றையெல்லாம் வரிசைப்படுத்தினார்கள் என்பது அதில் தெரியும். பிறகு அந்தப் பதிவு எண்ணையே யூரோப் பி.எம்.சி.யில் போடுங்கள். அந்த ஜீனோமைப் பயன்படுத்தி, பதிவு எண்ணையும் குறிப்பிட்டு எழுதிய கட்டுரைகள் வரும்.

ரெஃபரன்ஸ் வரிகளில் ‘டைரக்ட் சப்மிஷன்’ (நேரடிச் சமர்ப்பிப்பு) என்ற குறிப்பு மட்டும் இருந்தால், அந்தப் பதிவோடு கட்டுரை எதுவும் இணைக்கப்படவில்லை என்று பொருள். இது சகஜம். ஜீனோம் இருப்பதாலேயே அதற்கு ஒரு கட்டுரையும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

கட்டுரை கிடைத்தபின் வரும் சிக்கல் ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சோயா முடிச்சில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, “அக்கா, பேப்பர்ல பி.எல்.ஆர்.1769னு போட்டிருக்கு, டேட்டாபேஸ்ல அப்படி ஒரு ஜீனே காணோமே” என்றாள். யு.எஸ்.டி.ஏ.110-இல் அது நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரஜனேஸ் நொதியின் இரும்புப் புரதத்துக்கான நிஃப்எச் ஜீன். காணாமல் போகவில்லை. என்.சி.பி.ஐ.யின் ரெஃப்செக் தொகுப்பு, ஜீனோமில் எந்த ஜீன் எங்கே இருக்கிறது என்பதை மறுபடியும் குறித்து, ஜீன்களுக்குப் புது எண் கொடுக்கிறது. பழைய எண்ணை ‘ஓல்டு லோகஸ் டேக்’ என்ற வரியில் வைத்திருக்கிறது. பதிவைத் திறந்து அந்த வரியைக் காட்டியதும் அவளே மற்ற ஜீன்களையும் பொருத்திக்கொண்டாள். பழைய கட்டுரை படிக்கும்போது இந்த வரியை எப்போதும் பாருங்கள். தவறான ஜீனுக்கு பிரைமர் (ஜீனைப் பெருக்க உதவும் குட்டி டி.என்.ஏ.) வடிவமைத்து மாதக்கணக்கில் உழைப்பை வீணாக்கும் மாணவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிடைப்பவற்றில் சில, ஒன்றிரண்டு பக்க அறிவிப்புகளாக இருக்கும். ஜீனோம் அனௌன்ஸ்மென்ட்ஸ் என்ற இதழ் இதற்காகவே 2013 முதல் வந்தது. 2018-இல் மைக்ரோபயாலஜி ரிசோர்ஸ் அனௌன்ஸ்மென்ட்ஸ் என்று பெயர் மாறியது. அளவு, பதிவு எண், முறை இவ்வளவுதான் இருக்கும், ஆய்வு விளக்கம் எதிர்பார்க்க முடியாது. முழுமையான ஜீனோமா, துண்டுகளாக உள்ள வரைவா என்பதையும் பாருங்கள். பி510-இல் ஒரு குரோமோசோமும் ஆறு பிளாஸ்மிடுகளுமாக (குரோமோசோமுக்கு வெளியே தனியாக உள்ள டி.என்.ஏ. வளையங்கள்) சுமார் 76 லட்சம் காரமூல இணைகள். அதில் குரோமோசோமின் பங்கு 33 லட்சம்தான். இப்படிப்பட்ட பாக்டீரியாவின் வரைவு ஜீனோமில், ஒரு ஜீன் குரோமோசோமில் இருக்கிறதா பிளாஸ்மிடில் இருக்கிறதா என்று பல நேரம் சொல்லவே முடியாது.

பணம் கட்டிப் படிக்கும் இதழ்கள் வந்தால் பயப்பட வேண்டாம். நான் சொன்ன பிளாஸ் ஜெனெடிக்ஸ் இலவசம். கசூசா கட்டுரைகள் வந்த டிஎன்ஏ ரிசர்ச் இதழையும் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் கல்லூரி அரசு நிறுவனம் என்றால், 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், கட்டுரையின் தொடர்பு ஆசிரியருக்கு மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம், பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

நம் ஊர் மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெய்ன் என்றால் இதழ்களை மட்டும் நம்பாதீர்கள். வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியத்திலும், மற்றவை ஷோத்கங்கா என்ற களஞ்சியத்திலும் இருக்கின்றன. எந்த ஊர் வயல், எந்தப் பயிர், யார் பிரித்தது என்ற விவரமெல்லாம் ஆய்வேட்டில்தான் விரிவாக இருக்கும்.

உங்கள் வழிகாட்டி கொடுத்த கல்ச்சர் குழாயில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். அதை வைத்து எந்தப் பதிவில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.