சும்மா படம் பாக்கறவங்க கருத்து சொல்லலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பெரம்பூர், கிண்டியில ஒரு ஆபீஸ்ல வேலை. போன வாரம்தான் லேட்டா ஓடிடியில 'மெய்யழகன்' பாத்தேன். செம ஃபீல் குட் படம் சார், மேக்கிங் வேற லெவல், கார்த்தியும் அரவிந்த்சாமியும் பின்னிட்டாங்க. அந்த சைக்கிள் மேட்டர் வர்ற இடத்துல பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அழுதேன், ஏன்னா எங்கப்பா ஊரை விட்டு வரும்போது அவரோட டிவிஎஸ் 50ஐ பக்கத்து வீட்டு பையனுக்கு குடுத்துட்டு வந்தாரு, இன்னைக்கும் தெருவுல அந்த வண்டி சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பாரு. மறுநாள் லஞ்ச்ல படம் சூப்பர்னு சொன்னேன். கூட வேலை செய்ற ஒருத்தர், "ரெண்டு பேர் விடிய விடிய பேசிட்டே இருக்கறதெல்லாம் ஒரு படமா, செம லேக், உனக்கு சினிமா பத்தி என்ன தெரியும்"னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. பதில் சொல்லத் தெரியல. நம்மள மாதிரி சும்மா படம் பாக்கறவங்க கருத்துக்கு மதிப்பு இருக்கா சார்? முதல் மூணு நாள் விமர்சனமே கூடாதுன்னு தயாரிப்பாளருங்க கோர்ட்டுக்கு போனாங்களே, அதுதான் சரியோன்னு கூட தோணுது.

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். ஃபீல் குட், வேற லெவல், பின்னிட்டாங்க, இந்த மூணும் நேத்து வந்த படத்துக்கும் ஒட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போற படத்துக்கும் ஒட்டும். அப்பாவோட டிவிஎஸ் 50 இந்த ஒரு படத்துக்குத்தான் ஒட்டும். அரவிந்த்சாமி நடிச்ச அருள் ஊர்ல விட்டுட்டு வந்த பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சுன்னு அவனுக்கே இருபது வருஷம் கழிச்சு தெரியவருது, அங்க நீங்க படத்தை நிறுத்திட்டு அழுதிருக்கீங்க, இதை விட பெருசா அந்தப் படத்தைப் பத்தி யார் என்ன சொல்லிட முடியும். ஆனா லஞ்ச்ல நீங்க சொன்னது வெறும் 'சூப்பர்'. டிவிஎஸ் கதை வீட்டுலயே இருந்துடுச்சு.

எங்கம்மா தண்டையார்பேட்டை அகஸ்தியாவுல மேட்னி பாத்துட்டு வருவாங்க (அந்த தியேட்டரை 2020ல மூடிட்டாங்க, இப்பவும் அந்தப் பக்கம் போனா மனசு ஒரு மாதிரி ஆயிடுது). மறுநாள் காலைல அடிபம்புல கதை நடக்கும். படம் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு அவங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. "அவன் வரமாட்டான்னு அவளுக்கு நல்லா தெரியும், இருந்தும் தட்டை எடுத்து வைக்கிறா பாரு"ன்னு சொல்லி, ஈரக்கையால காத்துல ஒரு தட்டை வச்சு காட்டுவாங்க. பம்பு அடிச்சிட்டிருந்த அக்கா கைப்பிடியை அப்படியே பாதியில பிடிச்சுகிட்டு நிப்பாங்க, பின்னாடி குடத்தோட நிக்கறவங்க கத்துவாங்க. அன்னைக்கு மத்தியானமே நாலு பேர் வேலையை முடிச்சுட்டு அகஸ்தியாவுக்கு கிளம்பிடுவாங்க. எங்கம்மா நாலாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க, சினிமா பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்னு அந்தத் தெருவுல ஒருத்தரும் கேட்டதில்ல.

இப்ப நிலைமை வேற. வடபழனியில ஒரு தியேட்டர் வாசல்ல பாத்தேன், அறுபது வயசுக்கு மேல ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சிட்டே வெளிய வர்றாரு, துண்டு கூட இன்னும் கையில இருக்கு, ஒரு பையன் மைக்கை நீட்டி "படம் எப்படி சார்"னு கேக்கறான், அவரு சட்டுனு துண்டை தோள்ல போட்டுகிட்டு "ஒன் டைம் வாட்சபிள்பா, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்"னு சொல்லிட்டு போறாரு. அந்த ஈரம் எங்க போச்சு? மைக்கைப் பாத்ததும் மைக்குக்கான வார்த்தை வாயில வந்துடுது. உங்களுக்கு லஞ்ச் டேபிள்ல நடந்ததும் அதேதான்னு நினைக்கிறேன்.

உங்க ஆபீஸ் நண்பரையும் நான் தள்ளிட மாட்டேன். அவருக்கு போர் அடிச்சிருக்கு, அது உண்மைதானே. அவரை மாதிரி நிறைய பேருக்கு அடிச்சுது, 2024 செப்டம்பர்ல படம் வந்து சில நாள்லயே 18 நிமிஷத்தை வெட்டினாங்க. எனக்கே அந்த ராத்திரி பேச்சுல ஒரு இடம் நீளமாத்தான் பட்டுச்சு. ஆனா அவர் எப்ப பாத்தாரு, எப்படி பாத்தாருன்னு கேளுங்க. நாளெல்லாம் வேலை பாத்துட்டு செகண்ட் ஷோவுக்கு போய், வீட்டுக்கு எப்படி திரும்பறதுன்னு யோசிச்சுகிட்டே உக்காந்திருந்தா, ரெண்டு பேர் பொறுமையா பேசறது யாருக்கா இருந்தாலும் கடுப்பாதான் இருக்கும். நீங்க வீட்டுல பாத்தீங்க, நிறுத்தி அழுதீங்க, மறுபடி ஓட விட்டீங்க. தியேட்டர்ல அந்த பாஸ் பட்டன் கிடையாது. அவர் சொன்னதுல தப்பு 'லேக்' இல்ல, 'உனக்கு என்ன தெரியும்'ங்கறதுதான் தப்பு, அதை நான் கொஞ்சமும் ஏத்துக்க மாட்டேன்.

தயாரிப்பாளருங்க விஷயத்துல உங்களோட எனக்கு ஒத்துப் போகல. 2024 நவம்பர்ல தியேட்டருக்குள்ள யூட்யூப்காரங்களை விடாதீங்கன்னு கேட்டாங்க, அப்புறம் மூணு நாள் தடை கேட்டு ஹைகோர்ட்டுக்கே போனாங்க, கோர்ட் தடை குடுக்கல. நியாயமான முடிவு. குடும்பத்தோட போய் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு செலவு பண்ணிட்டு வர்ற மனுஷனை திங்கக்கிழமை வரைக்கும் வாயை மூடுன்னு யார் சொல்ல முடியும்? போட்ட காசு போயிடுமேங்கற தயாரிப்பாளரோட பயமும் எனக்கு புரியுது, கடன் வாங்கி படம் எடுக்கறவங்க அவங்க. அதுக்கு மருந்து தடை கிடையாது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டர்ல ஓடல, அப்ப யூட்யூபும் இல்ல, வாசல்ல மைக்கும் இல்ல. அப்புறம் டிவியில திரும்பத் திரும்ப பாத்து, ஒருத்தருக்கொருத்தர் அதுல வர்ற ரெண்டு பேரோட பயணத்தை சொல்லி சொல்லித்தான் ஜனங்க அதை எடுத்துகிட்டாங்க. அதை செஞ்சது பூரா உங்களை மாதிரி சும்மா படம் பாக்கறவங்கதான்.

அதனால நாளைக்கு லஞ்ச்ல அந்த நண்பர் பக்கத்துலயே உக்காந்து டிவிஎஸ் 50 கதையை சொல்லுங்க. படத்துக்கு வக்காலத்து வாங்க வேணாம், வண்டியை குடுத்த அன்னைக்கு அப்பா என்ன பண்ணாரு, சாவியை எப்படி நீட்டினாரு, அதை மட்டும் சொல்லுங்க. அவரும் எதையாவது விட்டுட்டு இந்த ஊருக்கு வந்தவரா இருக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அப்பா இந்தப் படத்தை பாத்துட்டாரா? அதை நீங்க எழுதவே இல்லையே.