விண்ணப்பத்திலிருந்து நீக்கிய வரி

அன்புள்ள ஐயா,

எனக்கு ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தனியார் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்து வருகிறேன். நேர்முகம் வரை போயும் வேலை கிடைக்கவில்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிடுகிறேன்; அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்ததும் இந்த இரண்டு வருட இடைவெளியும்தான் தடையா? அம்மா பீடி சுற்றுகிறார்கள். அவர்களுடைய மகளிர் குழுவுக்கு, ப்ளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து நான்தான் நோட்டு எழுதுகிறேன். அதை முதலில் பயோடேட்டாவில் சேர்த்திருந்தேன். கேவலமாக நினைப்பார்களோ என்று எடுத்துவிட்டேன். இணைத்திருக்கும் பயோடேட்டாவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் ஆளெடுக்கும் குழுக்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே வைத்துவிட்டு, யாரோ எழுதிக்கொடுத்ததைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார்கள் என்ற வருத்தம் எனக்கு வெகுநாளாக உண்டு. உங்கள் கடிதம் அந்த வருத்தத்தைக் கிளறிவிட்டது.

தமிழ் வழியைப் பற்றிய கவலையை விடுங்கள். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021-இல் அறிவித்தார்கள். ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் தனியாகப் படித்தாக வேண்டும். அந்தப் பணிக்கு நேர்முகமும் கிடையாது. அதிகாரி பணிக்கு உண்டு என்றாலும், அங்கேயும் பெரும்பாலான வங்கிகளுக்கு முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில்தான் இறுதி மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டால், தேர்வுக்குப் படித்தேன், வீட்டைப் பார்த்துக்கொண்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பயோடேட்டாவுக்கு வருகிறேன். 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்' என்ற பொருளில் முதல் பத்தி முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் ஒரு சொல்கூட உங்களுடையது அல்ல. அதே பத்தியை நூற்றுக்கணக்கான தாள்களில் படித்து அலுத்தவர்களிடம் அதை நீட்டிவிட்டு, ஆறேழு ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைக் கேவலம் என்று அடித்துவிட்டீர்களே, இது என்ன புத்தி? உங்கள் அம்மாவும் அவர்களோடு இருக்கும் பெண்களும் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துப் போட்ட பணத்துக்கு இத்தனை காலம் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவரிடம் இன்னொருவர் பணத்தை எப்படி நம்பி ஒப்படைப்பது என்று கேட்கத் தோன்றுகிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மீது கோபம் வருவதே உங்களிடம் சரக்கு இருப்பதால்தான்.

மகளிர் குழு என்பது பொழுதுபோக்கு அல்ல. 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய ஏற்பாடு அது. 1992-இல் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஈடு காட்ட நகையோ நிலமோ இல்லாதவர்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்தது? ஒழுங்காக எழுதப்பட்ட நோட்டுகளை நம்பித்தான் கொடுத்தது. தென்காசிப் பக்கத்துக் கிளை ஒன்றில் நான் இருந்தபோது, ஒரு குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் தங்களுக்கு நோட்டு எழுதும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். கட்டிய தவணை ஒன்று வரவாகவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. அந்தப் பெண் ரொக்கப் புத்தகத்தை மேசைமேல் விரித்தாள். கோடு போட்ட நீள நோட்டு. பக்கங்களுக்கு நடுவே பீடித்தூள் கிடந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் கீழும் சிவப்பு மையில் கூட்டுத்தொகை, அதன் பக்கத்தில் கையெழுத்துகள், எழுதத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. தேதியையும் செலான் எண்ணையும் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். பணம் வேறொரு குழுவின் கணக்கில் ஏறியிருந்ததை எங்கள் பதிவேட்டில் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை அவள் குரலை உயர்த்தவும் இல்லை, நோட்டை மூடவும் இல்லை. நிதித்துறை வேலைக்கு வேண்டிய குணம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அவள்தான்.

உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். எத்தனை உறுப்பினர்கள், மாதச் சேமிப்பு எவ்வளவு, குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன் எவ்வளவு சுற்றில் இருக்கிறது, வங்கிக் கடன் எத்தனை முறை வாங்கி அடைத்தீர்கள் என்பதை எண்களோடு சொல்லுங்கள். வட்டிக் கணக்கைச் சொல்லுங்கள். பத்தாயிரம் ரூபாய் கடன், பத்து மாதத் தவணை, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் ஆயிரம் ரூபாய் அசல் குறையக் குறைய மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 200, அடுத்த மாதம் 180 என்று இறங்கி மொத்தம் 1,100 ரூபாய் ஆகும்; முழு அசலுக்கே கடைசிவரை போட்டால் 2,000 ஆகும். இரண்டுக்கும் வாயால் சொல்லும் வட்டி ஒன்றுதான், கடன் வாங்கியவர் கூடுதலாகக் கட்டுவது 900 ரூபாய். குழுவுக்கு இதை நீங்கள் எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருப்பீர்கள். காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கி அங்கேயே ஒரு முறை போட்டுக் காட்டினால், அதன் பிறகு உங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் தடுமாற்றம் யார் கண்ணிலும் பெரிதாகப் படாது.

கடன் ஏன் திரும்பி வராமல் போகிறது என்று கேட்பார்கள். 90 நாட்களுக்குமேல் வட்டியோ தவணையோ நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டு போவது உங்கள் கடமை. பீடிக்கடையில் இலை குறைவாகக் கொடுத்த வாரம் கூலி குறையும், கூலி குறைந்த மாதம் தவணை தள்ளும், அந்த மாதம் உண்மையிலேயே முடியாதவர் யார், இருந்தும் கட்டாதவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு உள்ளவர்களைத்தான் கடன் கொடுக்கும் நிறுவனம் தேட வேண்டும். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கிக்குப் பின்னால் இருந்தவர்களும், கடை வியாபாரத்தில் யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்று அன்றாடம் கணித்துப் பழகிய நம் பக்கத்து வணிகர்கள்தாம். உங்கள் தெருவில் கற்றதை நிதித்துறைக்கு அந்நியமானது என்று நீங்கள் நினைப்பது, இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தராததால் வந்த வினை.

பயோடேட்டாவைத் திரும்ப எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். முதல் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழுக் கணக்கை நான்கு வரிகளில் போடுங்கள். எந்த ஆண்டிலிருந்து எழுதுகிறீர்கள், என்னென்ன நோட்டுகள், வங்கியோடு என்ன வரவுசெலவு என்று இருக்கட்டும். அதன் கீழே படிப்பு. அப்பா பெயர், மதம், திருமண நிலை எதுவும் தேவையில்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன். மாதிரிக்கென்று நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைக்க வேண்டாம். யார் எவ்வளவு கடன் வாங்கினார், யார் கட்டவில்லை என்பதை அந்த நேர்முக அறையிலும் பெயர் சொல்லிப் பேசாதீர்கள். என்னிடமும் சொல்லக் கூடாது.