எச்சில் கொடுத்தேன், பங்கு கேட்டு நோட்டீஸ் வந்தது

கேள்வி: நான் செங்கோட்டைக்காரன். அப்பா உயில் எழுதாமல் 2012-ல் காலமானார். செங்கோட்டையில் வீடு, தென்மலை அருகே 80 சென்ட் ரப்பர் தோட்டம், இரண்டும் அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கியவை. பூர்வீகம் தெரிந்துகொள்ளலாமே என்று என் மகள் டிஎன்ஏ கிட் வரவழைத்து என் எச்சிலை அனுப்பினாள். புனலூரில் ஒருவர் 23 சதவீதம் பொருந்துகிறார், 'ஹாஃப் பிரதராக இருக்கலாம்' என்று முடிவு வந்தது. ஆர்வத்தில் நானே அவரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். இப்போது நான்கில் ஒரு பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு அப்போதே கணவர் இருந்ததாகக் கேள்வி. என் அம்மா, அப்பாவுக்கு அக்கா மகள். ஆரியங்காவில் அப்பாவோடு சேர்ந்து கடை நடத்திய சித்தப்பாவும் இன்று உயிரோடு இல்லை. பங்கு கொடுத்தாக வேண்டுமா? என்னையும் அம்மாவையும் பரிசோதனைக்கு இழுப்பார்களா?

பதில்: முதலில் அந்த 23 சதவீதத்தைப் பார்ப்போம். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்தவர்களுக்கு மரபணு சராசரியாக 25 சதவீதம் ஒத்துப்போகும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்றால் 12.5. இது சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத குடும்பங்களுக்குப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டில் அப்பா வழிச் சொந்தம் அம்மா வழியாகவும் இன்னொரு முறை வந்து சேர்கிறது. அதனால் புனலூர்க்காரர் சித்தப்பா மகனாக இருந்தாலே சராசரி 19-ஐத் தொடும், அப்பா மகனாக இருந்தால் 31 பக்கம் போகும். உங்களுக்கு வந்திருப்பது இரண்டுக்கும் நடுவில். ஆண் வழியில் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது, அண்ணன் தம்பி இருவருக்கும் அது ஒன்றுதான். அக்கா மகளைக் கட்டும் வழக்கமெல்லாம் அந்த மென்பொருளுக்கு எங்கே தெரியப்போகிறது!

போதாததற்கு, வீட்டில் குழாயில் துப்பி கூரியரில் போன எச்சில் அது. யாருடையது என்பதற்கே சாட்சி கிடையாது. நீதிமன்றம் அனுப்பும் பரிசோதனையில் ஆளை அடையாளம் பார்த்து, மாதிரி எடுத்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்குவார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் சட்டம் எச்சிலுக்கு முன்னால் திருமணத்தைத்தான் பார்க்கும். பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 116 (பழைய சாட்சியச் சட்டத்தில் 112) சொல்வது இது: செல்லத்தக்க திருமணம் நிலவும்போது பிறந்த குழந்தையும், அது முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும், அந்தக் கணவருடையதே. அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே அதை உடைக்கலாம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தன் மகனுக்குத் தந்தை வேறொருவர் என்று தாயே சொல்லியும், உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் டிஎன்ஏ பரிசோதனைக்கு இடம் கொடுக்கவில்லை. இந்த அனுமானத்தைவிட டிஎன்ஏ முடிவே மேல் என்று சொன்ன 2014 தீர்ப்பு ஒன்றை எதிர்த்தரப்பு காட்டலாம். அதில் நீதிமன்ற உத்தரவின்படி எடுத்த அறிக்கை ஏற்கெனவே கையில் இருந்தது. ஆகவே அந்த அம்மாவின் கணவர் அப்போது கூடவே இருந்தாரா என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி.

அவருக்குக் கணவர் இல்லை, உங்கள் அப்பாவே அவரைத் திருமணம் செய்திருந்தார் என்று நிரூபித்தால் நிலைமை தலைகீழாகும். (நீங்கள் இந்துக்கள் என்று வைத்துச் சொல்கிறேன்.) முதல் மனைவி இருக்கும்போது நடந்த அந்தத் திருமணம் செல்லாது, ஆனால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 16 பிள்ளையைக் காப்பாற்றும். அப்பாவின் சொத்தில் உங்களுக்குச் சமமான பங்கு அவருக்கும் உண்டு.

பரிசோதனைக்கு உங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போக மாட்டார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டும் மறுத்தால், உங்களுக்கு எதிராக அனுமானம் கொள்ளலாம். அம்மாவிடம் இப்போது எச்சிலைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அந்த வயதில் அவருக்கு இது தேவையா?

எனக்கு உறுத்துவது உங்கள் வாட்ஸ்அப்தான். 'அப்பா ஜாடை அப்படியே இருக்கு தம்பி' என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால், அதே சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்து, நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள். எதையும் அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். இனி அவரோடு பேச்சை நிறுத்துங்கள். கிட் நிறுவனத்தின் கணக்கில் உறவினரைக் காட்டும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள்.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். அவருடைய பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தாயின் திருமண விவரம் மூன்றையும் கேளுங்கள். தோட்டத்துக்கு வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) யார் பெயரில் கட்டப்படுகிறது என்று பாருங்கள். வழக்கு வந்தால் தென்காசி மாவட்டத்திலும் போடலாம், கொல்லம் மாவட்டத்திலும் போடலாம், சொத்து இரண்டு பக்கமும் இருக்கிறதே. அதுவரை தோட்டத்தை விற்க வேண்டாம். பாசத்தில் ஏதாவது கொடுக்க நினைத்தால் உங்கள் பங்கிலிருந்து மட்டும் கொடுங்கள், அம்மா பங்கைத் தொடாதீர்கள். அதையும் பதிவுப் பத்திரமாக எழுதி, வேறு உரிமை கோர மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.