ரெண்டு ஊரிலும் ஒரு 007: ஆய்வுத் தரவைச் சேர்க்கும்போது என்ன செய்வது?

கோவை, ஈரோடு மையங்களின் மருந்து ஆய்வுத் தரவைச் சேர்த்தால் ரெண்டிலும் பங்கேற்பாளர் 007 வருகிறார், எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கீங்க.

ஈரோட்டு மஞ்சள் மண்டிகளை நினைச்சுக்குங்க. 7-ஆம் லாட் எல்லா மண்டியிலும் இருக்கும். மண்டி பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த மூட்டை என்று தெரியும். மருந்து ஆய்வுத் தரவுக்குப் பொது விதிமுறை வகுக்கும் சிடிஸ்க் (CDISC) அமைப்பின் எஸ்டிடிஎம் (SDTM) தரத்திலும் அதே கதைதானுங்க. சப்ஜெக்ட் ஐடி, அதாவது ஆள் எண், அந்த ஆய்வுக்குள் மட்டும் செல்லும். யுனிக் சப்ஜெக்ட் ஐடி, அதாவது ஒருத்தருக்கே உரிய தனி அடையாளம், அந்த மருந்தின் எல்லா ஆய்வுக்கும் பொது. வழக்கமாக ஆய்வு எண், மைய எண், ஆள் எண் மூன்றையும் இடையில் சிறு கோடு (-) போட்டு ஒட்டி இந்த யுனிக் ஐடியை உருவாக்குவார்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டக்கூடாது. அதே ஆள் பிறகு நீட்டிப்பு ஆய்வுக்கும் (முதல் ஆய்வின் தொடர்ச்சியாக நடப்பது) வந்தால், அங்கே புது ஆள் எண் கிடைத்தாலும் பழைய யுனிக் ஐடிதான் தொடர வேண்டும். புதுசாக ஒட்டினால் ஒருத்தர் ரெண்டு பேராகி, பக்கவிளைவுக் கணக்கே கெட்டுப்போகும். பலர் சறுக்குவது இங்கேதான்.

எக்செல்லில் அப்படியே திறந்தால் 007 வெறும் 7 ஆகிவிடும். எழுத்து வகையாகவே வைங்க. (இதோடு நானும் ஒரு ராத்திரி மல்லுக்கட்டியிருக்கேன்.) பேரின் முதலெழுத்து, பிறந்த தேதி எதுவும் ஐடிக்குள் வேண்டாம். பழைய எண், புது எண் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைங்க.