களைன்னு பிடுங்குற தும்பைதான் நம்மூரு காட்டுப்பூ

கேள்வி: அக்கா, மண்டபத்துல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி எங்க வீடு. கொல்லையில பூசணிக்கொடி நல்லா ஓடுது, பூவும் பூக்குது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி வெம்பி விழுந்துடுது. தேனீ வரலைன்னாங்க. ஆன்லைன்ல காட்டுப்பூ விதை பாக்கெட் வாங்கித் தூவுனேன், நாலஞ்சு முளைச்சு அதுவும் உப்புக்காத்துல கருகிடுச்சு. வேற என்ன போடலாம்?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: அந்த பாக்கெட்ட நினைச்சு வருத்தப்படாதீங்கம்மா, குளிர்ப்பிரதேசத்துப் பூவா இருந்தா நம்ம மணல்ல நிக்காது. பூசணிக்கு ஆண்பூ வேற பெண்பூ வேற, விடியக்காலம் விரிஞ்சு வெயில் ஏறுனதும் மூடிக்கும், அதுக்குள்ள வண்டு தேனீ வந்தாத்தான் காய். இப்போதைக்கு காலையில ஒரு ஆண்பூவப் பறிச்சு, இதழக் கிழிச்சுட்டு, அடியில குட்டிப்பிஞ்சு இருக்குற பூவோட நடுவுல தடவிவிடுங்க.

செடின்னா முதல்ல தும்பை, சின்னப்புள்ளையில உறிஞ்சுவோமே, அதே தேனுக்குத்தான் தேனீயும் வரும். அடுத்து ஆவாரை. இதுல தேன் கிடையாது, மகரந்தப் பையோட நுனியில சின்ன ஓட்டை மட்டும் இருக்கும், கருவண்டு வந்து பூவக் கட்டிப்பிடிச்சு உர்ர்னு உடம்ப அதிர வைக்கும் பாருங்க, உப்பு டப்பாவக் குலுக்குன மாதிரி மகரந்தம் கொட்டும், ஒருநாள் பக்கத்துல நின்னு கேளுங்க, அவ்வளவு நல்லா இருக்கும். கத்திரி, தக்காளிப் பூவுக்கும் இதே குலுக்கல் நல்லது, அதனால ஆவாரை பக்கத்துல கத்திரி வைங்க. மணல் மேடா இருந்தா அடம்புக்கொடி, கொழுஞ்சி. வேலியோரம் எருக்கு நின்னா விட்டுடுங்க, அதுல வரிவரியா புழு இருந்தா மருந்தடிக்காதீங்க, அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆகப்போற புழு, பால் மட்டும் கண்ணுல படாம பாத்துக்கோங்க.

விதைக்கு காசு வேணாம், ரோட்டோரம் காய்ஞ்ச நெத்து கிடைக்கும். ஆவாரை, அடம்பு விதைக்குத் தோல் கெட்டி, சொரசொரப்பான கல்லுல லேசாத் தேய்ச்சு ராத்திரி தண்ணியில ஊறவைங்க. ஐப்பசி மழை இறங்குனதும் போட்டுடுங்க, நமக்கு மழையே அந்த ரெண்டு மூணு மாசம்தானே, அதுல வேர் பிடிச்சாத்தான் கோடைய தாங்கும்.

கொல்லை முழுக்க சிமெண்ட் பூசிடாதீங்க, மண்ணுக்குள்ள பொந்து போடுற தேனீயும் உண்டு. கருவண்டுக்கு ஒரு காய்ஞ்ச கட்டைய மூலையில சாய்ச்சு வைங்க. உண்ணிச்செடிய மட்டும் வைக்காதீங்க, பூ அழகுதான், ஆனா பரவுனா தும்பைக்கு இடமே விடாது.