வலையில் சிக்கிய மஞ்சள் குழாயை என்ன செய்வது?

கேள்வி: காசிமேட்டில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. போன மாதம் ஆழ்கடலில் விட்ட செவுள் வலையில் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் குழாய் சிக்கியது. தலையில் ஆன்டெனா, உடம்பில் ஆங்கில எழுத்து. பசங்க அதைக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வேவு பார்க்கும் கருவி, போலீஸ் கேஸ் ஆகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி நல்ல விலைக்குப் போகும் என்கிறார் பழைய இரும்புக்காரர். என்ன செய்யலாம்? கடலில் நிற்கும் பெரிய மஞ்சள் மிதவையில் படகைக் கட்டுவதும் தப்பா?

பதில்: முதலில் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள், நீங்களும் திறக்காதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கலாம். தண்ணீர் புகுந்திருந்தால் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கும். திருப்புளி வைத்து நெம்பினால் மூடி தெறித்து ஆளை அடிக்கும். மேல்முனையில் பாசி பிடிக்காமலிருக்க நச்சு மருந்து வைப்பதும் உண்டு. குழந்தைகள் கை படாத இடத்தில், நிழலில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது கடலை அளக்கும் ஆர்கோ மிதவையாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு நங்கூரமும் கிடையாது, புரொப்பல்லரும் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப் பைக்குத் தள்ளினால் மிதக்கும், உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும், அவ்வளவுதான். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து ஏறி வரும் வழியெல்லாம் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப முங்கிவிடும். அது மேலே வந்த நேரம் பார்த்து உங்கள் வலை அங்கே இருந்திருக்கிறது.

வேவு என்ற பயம் வேண்டாம். சுமார் 30 நாடுகள் சேர்ந்து உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகளை விட்டு வைத்திருக்கின்றன. நம் நாடும் அதில் இருக்கிறது; ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் நம் பங்கைப் பார்த்துக்கொள்கிறது. எந்த நாடு விட்ட மிதவையாக இருந்தாலும், அளந்த தகவல் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வந்துவிடும். வேவு பார்த்ததை ஊருக்கே யாராவது படித்துக் காட்டுவார்களா?

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நம் 200 கடல் மைலுக்குள் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால், ஐ.நா. கடல் சட்டப்படி ஆறு மாதம் முன்பே விவரம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கப்பலில் நம் விஞ்ஞானிகள் ஏறவும் உரிமை உண்டு. ஆர்கோ மிதவை நீரோட்டம் இழுத்த பக்கம் போகிற பொருள் என்பதால், அது எல்லைக்குள் வரக்கூடும் என்று கடலோர நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தில் இருக்கிறது.

இதனால் காசிமேட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். புயல் பலம் பெறுவதற்குக் கடலின் மேல்மட்டச் சூடு மட்டும் போதாது, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதும் முக்கியம். செயற்கைக்கோளுக்கு மேற்பரப்புதான் தெரியும். வங்கக் கடலில் இன்னொரு சங்கதியும் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற நல்ல தண்ணீர் லேசானது. அது மேலே படிந்து நின்று, கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கலக்க விடாது. புயல் எவ்வளவு கலக்கினாலும் சூடு சட்டென்று இறங்காது. அந்தப் படிவு எங்கே, எவ்வளவு கனம் என்பதைக் கடலுக்குள் போய் உப்பை அளந்தால்தான் சொல்ல முடியும். ‘கடலுக்குப் போகாதே’ என்று உங்கள் போனுக்கு வரும் எச்சரிக்கைக்குப் பின்னால் உள்ள கணிப்புகளில் இந்த அளவுகளும் சேர்கின்றன.

இத்தனை நாடுகளை ஒன்றுசேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, இது என்ன கருவி என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் மிதவையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம்.

அடுத்தது பெரிய மஞ்சள் மிதவை. அது வேறு ஜாதி, அடியில் நங்கூரம் போட்டு நிற்பது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வைத்தவை பல. அமெரிக்காவோடு சேர்ந்து வைத்தவையும் வங்கக் கடலில் உண்டு. நிழலுக்கும் பாசிக்கும் அதன் அடியில் மீன் சேரும், அது எனக்குத் தெரியாததல்ல, உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் படகைக் கட்டினால் நங்கூரக் கயிற்றுக்கு இழுவை ஏறும், கம்பமும் சோலார் தகடும் உடையும், 500 மீட்டர் வரை கீழே தொங்கும் கருவிகள் அறுந்து போகும். அது சுனாமி மிதவையாக இருந்தால் இன்னும் மோசம். கடலடியில் இருக்கும் அழுத்தமானி சொல்வதை வாங்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்புவதே அதன் வேலை. 2011 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும்தான் சுனாமித் தகவல் கொடுக்கின்றன. ஒரு மிதவை கெட்டால் சரிசெய்ய ஆராய்ச்சிக் கப்பலே கிளம்பிப் போக வேண்டும். அதனால் கட்டாதீர்கள், மேலே ஏறாதீர்கள், வலையை அதைச் சுற்றி விடாதீர்கள். தள்ளி நின்று பிடியுங்கள்.

சரி, கையில் இருக்கும் குழாய்க்கு வருவோம். துறைமுகத்தில் மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. சொல்லாமல் வீட்டில் வைத்திருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். உடம்பில் இருக்கும் எண் தெரியும்படி போனில் படம் எடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாட்டியது, ஜிபிஎஸ்ஸில் எந்த இடம் என்பதை டிரைவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒப்படைக்கும்போது கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இனி ஒருமுறை சிக்கினால் கரைக்குக் கொண்டுவர வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆன்டெனா உடையாமல் வலையிலிருந்து எடுத்து அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.