மெலடோனின் எப்போது, எவ்வளவு? கேள்விகளும் பதில்களும்

உடல் கடிகாரம், அதாவது எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உடம்புக்குள்ளேயே ஓடும் நேரக் கணக்கு, என் ஆராய்ச்சித் துறை. மெலடோனின் என்பது இருட்டும் நேரத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கிறது. நான் மருத்துவர் அல்ல, அதனால் மருந்துச் சீட்டு எழுத முடியாது, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ராத்திரி மூன்று மணிக்கு முன்னால் எனக்குத் தூக்கமே வராது, ஆனால் விட்டால் பதினொன்று வரை நிம்மதியாகத் தூங்குவேன். படுக்கும்போது 10 மில்லிகிராம் மெலடோனின் போட்டும் பலனில்லை. இன்னும் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் கெடவில்லை, தூங்கும் நேரம்தான் தள்ளிப் போயிருக்கிறது. எல்லோரும் மெலடோனினைத் தூக்க மாத்திரை என்று நினைத்துப் போடுகிறார்கள், அந்த வகையில் அது ரொம்பச் சுமார்தான்: 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தூக்கம் வருவது சராசரியாக ஏழு நிமிடம்தான் முந்தியது. அதன் உண்மையான வேலை, இருட்டிவிட்டது என்று மூளைக்குச் சொல்வது. மூன்று மணிக்குத் தூங்குகிறவருக்கு உடம்பே ஒரு மணி வாக்கில் அதைச் சுரக்க ஆரம்பித்துவிடும், அதற்குமேல் மாத்திரை போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? அரை மில்லிகிராம் போன்ற சின்ன அளவை, இப்போது தூக்கம் வரும் நேரத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்னால், அதாவது பத்து, பதினொரு மணிக்கு எடுத்தால்தான் கடிகாரம் முன்னால் நகரும். மருத்துவரிடம் இந்த நேரக் கணக்கையும் சேர்த்துப் பேசுங்கள்.

அப்புறம் வெளிச்சம், மாத்திரையைவிட இது முக்கியம். ஆனால் நாளைக்கே ஆறு மணிக்கு அலாரம் வைத்து மொட்டைமாடிக்குப் போய்விடாதீர்கள். உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரம், இயல்பாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வரும், உங்களுக்கு அது காலை எட்டு, ஒன்பது மணி. அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளும். முதலில் பதினொரு மணிக்கே வெயிலில் நில்லுங்கள், சில நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ராத்திரி விளக்கையும் திரையையும் மங்கலாக்குங்கள்.

கேள்வி: சார், கடிகாரம் கடிகாரம் என்கிறீர்கள், வெயிலைப் பார்த்துப் பழகிய பழக்கம்தானே இது?

இல்லை. இதற்கு நம் மதுரையிலேயே அருமையான ஆய்வு இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களை மையிருட்டுக் குகைக்குள் அடைத்து வைத்துக் கவனித்து, 1981இல் வெளியிட்டார்கள். மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியே போய்த் திரும்பும் குகையில் இருந்தவை, வெளிச்சமே பார்க்காமலும் நேரம் தவறவில்லை. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தவை சொந்தக் கணக்கில் விலகிப் போயின. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, தினமும் அதைச் சரிசெய்ய மட்டும் வெளியிலிருந்து ஏதாவது வேண்டும். வௌவாலுக்குக் கூட்டாளிகள் போதும், நமக்குப் பெரும்பாலும் வெளிச்சம்.

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. சில வாரம் நன்றாகத் தூங்குகிறான், பிறகு சில வாரம் ராத்திரி முழுக்க விழித்துப் பகலில் சாய்கிறான். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

தயவுசெய்து திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மனிதக் கடிகாரத்தின் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். வெளிச்சம் மூளைக்கு எட்டாதபோது அது தினமும் கொஞ்சம் பிந்தும், அரைமணி பிந்தினால் ஏறக்குறைய ஏழு வாரத்தில் முழு வட்டம் வந்துவிடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். 24 மணி நேரத்தில் அடங்காத தூக்கக் கோளாறு என்று இதற்கு மருத்துவத்தில் தனியாகவே பெயர் இருக்கிறது. மெலடோனின் உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான்: 2000இல் அமெரிக்காவில் சாக், லூயி குழு இப்படிப்பட்ட ஏழு பேருக்கு இரவு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் ஆறு பேரின் கடிகாரம் 24 மணி நேரச் சுற்றுக்கு வந்தது, பின்னர் அரை மில்லிகிராமே போதும் என்றும் தெரிந்தது. அவன் தூங்கும், விழிக்கும் நேரத்தை இரண்டு மாதம் எழுதி வைத்து, அந்த நோட்டோடு தூக்க மருத்துவரைப் பாருங்கள். நோட்டைப் பார்த்தாலே விஷயம் அவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அக்கா குழந்தைக்கு மெலடோனின் கலந்த ‘கம்மி’ (gummy) என்ற மெல்லும் மிட்டாய் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

குழந்தை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். 2023இல் அங்கே 25 கம்மிகளைச் சோதித்ததில் 22இல் லேபிளில் இருந்த அளவு தப்பு, ஒன்றில் மெலடோனினே இல்லை. மிட்டாய் மாதிரி இருப்பதால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: மனைவி ஓசிடிக்கு (எண்ணச் சுழற்சி நோய்) ஃப்ளூவோக்ஸமின் மாத்திரை சாப்பிடுகிறார், கூடவே மெலடோனினும் எடுக்கலாமா?

நீங்களாகச் சேர்க்காதீர்கள். கல்லீரலில் மெலடோனினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுப்பதால், ரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறிவிடும். எழுதிக் கொடுத்த மனநல மருத்துவரையே கேளுங்கள்.